கடுதாசிச் சல்லியில் கச்சேரி

17ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரசல்ஸ் நகரத்துப் பணக்காரக் குடும்பம் ஒன்றுக்கு மூதாதையர் தட்டுப்பாடு வந்தது. சல்லிக்குக் குறைவில்லை. புனித ரோமச் சாம்ராச்சியத்துச் சக்கரவர்த்தியின் தபால் அவர்கள் கையில். எந்த ராசா எவனுக்குக் குழி தோண்டுகிறான் என்பது, தோண்டுகிறவனுக்கு அடுத்தபடியாக அவர்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் பழைய பிரபுக்களின் கண்ணுக்கு அவர்கள் வெறும் தபால்காரர்கள். பெட்டி நிறையக் காசு இருந்து என்ன, பாட்டன் சரியில்லையே!

குடும்பத்தின் பெயர் டாக்சிஸ். இத்தாலியில் பெர்காமோவுக்குப் பக்கத்திலுள்ள கொர்னெல்லோ என்ற மலைக்கிராமத்திலிருந்து புறப்பட்டவர்கள். அங்கே இருந்தபோது தாசோ என்று பெயர். இத்தாலியனுக்குத் தாசோ என்றால் வளைக்கரடி; மண்ணைத் தோண்டிப் பொந்துக்குள் குடியிருக்கும், நீர்நாய்க்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பிராணி. மற்றப் பிரபுக்கள் சிங்கத்தையும் கழுகையும் கேடயத்தில் வரைந்துகொண்டு திரிந்த காலத்தில் இவர்கள் கேடயத்தில் இந்தப் பொந்துப் பிராணிதான் நின்றது. புத்தளத்தில் இப்படி ஒரு குடும்பம் தலையெடுத்திருந்தால் கேடயத்தில் கழுதையைத்தான் போட்டிருக்க வேண்டும். கற்பிட்டி ரோட்டில் பஸ் எவ்வளவு ஹோர்ன் அடித்தாலும் அசையாமல், இந்த ரோட்டுக்கு உறுதி என் பெயரில் இருக்கிறது என்பதுபோல நிற்குமே, அந்தக் கழுதை. அதற்குக்கூட வளைக்கரடியைவிடக் கொஞ்சம் கம்பீரம் உண்டு.

டாக்சிஸ்காரர்கள் வம்ச வரலாறு எழுதித் தரும் பண்டிதர்களைப் பிடித்தார்கள். பண்டிதர்கள் ஓலையைக் கிளறி, மிலான் நகரத்தை ஒரு காலத்தில் ஆண்டு, பிறகு துரத்தப்பட்ட தெல்லா தொர்ரே என்ற வம்சத்தைக் கண்டெடுத்தார்கள். துரத்தப்பட்டவர்களில் ஒரு கிளை மலைக்கு ஓடியதாம். ஓடிய இடம் கொர்னெல்லோவாம். ஆகவே இவர்கள் அவர்களாம். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஸ்பெயின் ராசா 1649-இல் சரி என்றார், சக்கரவர்த்தி 1650-இல் சரி என்றார். தபால் நிற்காமல் ஓடவேண்டுமே, சரி என்னாமல் என்ன செய்வார்கள்! அன்றிலிருந்து குடும்பம் 'தூர்ன் உண்ட் டாக்சிஸ்' ஆயிற்று. தொர்ரே என்றாலும் தூர்ன் என்றாலும் கோபுரம்; கேடயத்திலும் ஒரு கோபுரம் முளைத்தது. வளைக்கரடியை மட்டும் விரட்ட மனம் வரவில்லை. நடுவிலே ஒரு குட்டிக் கேடயத்துக்குள் இன்றைக்கும் அது சுகமாக இருக்கிறது.

இவ்வளவு செல்வாக்கும் எங்கிருந்து வந்தது என்றால், குதிரை மாற்றுவதிலிருந்து வந்தது. 1490-இல், பிற்பாடு சக்கரவர்த்தியான மக்சிமிலியனுக்காக இந்தக் குடும்பத்தார் இன்ஸ்ப்ரூக்குக்கும் மெக்கலன் நகருக்கும் இடையில் தபால் ஓட்டத் தொடங்கினார்கள். வழிநெடுக ஓட்டுமடங்கள். அங்கே சேணம் கட்டிய குதிரை தயாராக நிற்கும். களைத்த குதிரையும் களைத்த ஆளும் இறங்க, புதுக் குதிரையும் புது ஆளும் பறப்பார்கள். 1505-இல் பிரான்ஸ் ஃபான் டாக்சிஸ் செய்த ஒப்பந்தத்தில் பிரசல்ஸிலிருந்து இன்ஸ்ப்ரூக்குக்குக் கோடையில் 5½ நாள், மாரியில் 6½ நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த அரை நாளைக் கவனியுங்கள். நமது தபால் கந்தோரில் 'ரெண்டு மூணு நாளையில வந்திரும்' என்று சொல்வார்களே, அந்த வியாபாரமே அங்கே கிடையாது. ராசாங்கக் கடிதத்துக்காகத் தொடங்கிய வேலைதான். ஆனால் குதிரை போகிற போக்கில் நாலு வியாபாரியின் கடிதத்தையும் பையில் போட்டால் சக்கரவர்த்திக்கு என்ன நட்டம்? அந்த நாலு கடிதம் நாற்பதினாயிரமாகி, ராசாங்கத்தின் கடிதம் ஓரமாக ஒதுங்கி, தபால் ஒரு தங்கச் சுரங்கமாயிற்று. 1615-இல் அது பரம்பரைச் சொத்து என்றே எழுதி வாங்கிவிட்டார்கள். இன்னொரு வேடிக்கை, அந்தக் காலத்தில் பெரும்பாலும் கடிதம் வாங்குகிறவன்தான் காசு கொடுப்பான். கடன்காரன் திட்டி எழுதிய கடிதத்தையும் காசு கொடுத்துத்தான் வாங்கிப் படிக்க வேண்டும்.

தபாலைக் கண்டுபிடித்தவர்களே இவர்கள்தான் என்று ஐரோப்பியப் புத்தகங்கள் சில ஊதிக்கொண்டிருக்கும். அப்படி ஊதுகிறவர்கள் ஒருமுறை புத்தளம் கடற்கரைக்கு வந்துபோனால் நல்லது. 1344-இல், அதாவது டாக்சிஸ்காரர்கள் குதிரை ஏறுவதற்கு 146 வருடங்களுக்கு முன்பே, இப்னு பதூதா இங்கே வந்து இறங்கினார். மாலைதீவிலிருந்து மஃபர் எனப்பட்ட தமிழகக் கரைக்குப் போகவேண்டிய கப்பலைக் காற்று இந்தப் பக்கம் தள்ளிவிட்டது. கரையிலே ஆறு அடித்துக்கொண்டுவந்த கறுவா மரங்கள் குன்றுகளாகக் குவிந்து கிடந்ததாக எழுதியிருக்கிறார். ஊரில் தங்கியிருந்த ராசா ஆரியச் சக்கரவர்த்தி, பாரசீகம் தெரிந்தவர், முத்துக்களை அள்ளிக் காட்டி, நீர் முத்துக்குளிப்புப் பார்த்த தீவில் இதற்குச் சமமான முத்து உண்டா என்று கேட்டவர். இப்னு பதூதா விவரமான ஆள். இப்படி முத்தை நான் எங்கேயும் கண்டதில்லை என்றார். காட்டிய முத்து கைக்கு வந்துவிட்டது! பாவாதமலை பார்க்கப் பல்லக்கும், வழிகாட்ட யோகிகளும் பிராமணர்களும், சாமான் தூக்கப் 15 பேரும் கூடவே கிடைத்தார்கள். நல்ல பேச்சுக்கு எங்கள் ஊரில் அன்றைக்கே இவ்வளவு விலை.

இந்த மனிதர்தான் அதற்கு முன் டில்லியில் முகம்மது பின் துக்ளக்கின் தபாலைப் பார்த்து வாய்பிளந்து எழுதியவர். துக்ளக் என்றதும் நமக்குத் தலைநகரத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்த கூத்துத்தான் ஞாபகம் வரும். ஆனால் தபால் விசயத்தில் அந்த மனிதன் ஒரு பேய். குதிரைத் தபால் ஒன்று, கால்தபால் ஒன்று. இரண்டில் கால்தான் வேகம். மைலுக்கு மூன்று தரிப்பிடம். அங்கே ஆட்கள் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஓடிவருகிறவனின் ஒரு கையில் கடிதம், மறு கையில் இரண்டு முழக் கோல், கோலின் தலையில் செப்பு மணிகள். மணிச் சத்தம் கேட்டதும் அடுத்தவன் எழுந்து நிற்பான், கடிதம் கைமாறும், இவன் மூச்சு வாங்க, அவன் மணியை உலுக்கிக்கொண்டு பறப்பான். சிந்துவிலிருந்து டில்லிக்கு 50 நாள் பயணம். தபாலுக்கு 5 நாள். குராசான் பழங்களும் சுல்தானுக்குக் குடிக்கக் கங்கைத் தண்ணீரும் இந்த ஓட்டக்காரர்களின் தலையில்தான் போயின. ஊருக்குப் புதிதாக வந்தவன் யார், முகம் எப்படி, உடுப்பு எப்படி, கூட எத்தனை பேர் என்ற கோள் எல்லாம் முதலில் போகும். வந்தவன் பின்னால் போவான். ஆனால் அந்த ஓட்டக்காரர்களில் ஒருவனுக்காவது கோபுரம் வைத்த கேடயம் கிடைத்ததா? ஓடினவனுக்கு மூச்சிரைப்பு, ஓடவைத்தவனுக்குப் பட்டம். இந்த ஒரு விதியில் டில்லிக்கும் பிரசல்ஸுக்கும் வித்தியாசமே இல்லை.

மணிக்குப் பதில் டாக்சிஸ் ஓட்டிகளிடம் ஊதுகொம்பு இருந்தது. தபால் வருகிறது, தபால் போகிறது, குதிரை வேண்டும், கோட்டைக் கதவைத் திற என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊதல். இந்தக் கொம்பை வேறு வண்டிக்காரன் ஊதினால் குற்றம். ஒரு ராகத்தைப் பட்டா போட்டு வைத்துக்கொண்ட முதல் குடும்பம் உலகத்தில் இதுவாகத்தான் இருக்கும். அந்த ஊதல் பெரிய மனிதர்களின் தலைக்குள்ளும் ஏறிவிட்டது. இளவயதில் பாக் ஒரு வாத்திய உருப்படிக்குள் தபால் கொம்பை ஊதவிட்டார். 1779-இல் மோட்சார்ட் ஒரு செரனேடுக்குள் நிஜத் தபால் கொம்பையே கொண்டுவந்து நிறுத்தினார். தூக்கக் கலக்கத்தில் ஊதிய குதிரைக்காரனுக்கு இதில் ராயல்டி ஒன்றும் போகவில்லை.

அசல் கூத்து நடந்தது ரேகன்ஸ்பூர்க்கில். 1748-இல் குடும்பம் அந்த ஊருக்குக் குடிபெயர்ந்தது. சாம்ராச்சியத்தின் பாராளுமன்றம் அங்கே 1663-இலிருந்து கலையாமல் கூடியிருந்தது. கூடியது என்பதைத் தவிர அது பெரிதாக எதையும் சாதித்ததாகக் குற்றம் சுமத்த முடியாது. சக்கரவர்த்தி அங்கே தலைகாட்ட மாட்டார். அவருக்குப் பதில் உட்கார, வருகிற தூதர்களுக்கெல்லாம் விருந்து வைக்க, ஆளும் வேண்டும், ஆளிடம் காசும் வேண்டும். தபால் முதலாளியை விட்டால் யார்? விருந்து என்றால் சங்கீதம் இல்லாமலா? 1773-இல் பட்டத்துக்கு வந்த கார்ல் அன்செல்ம் அரண்மனை வாத்தியக் குழுவை வளர்த்து, இத்தாலிய ஓபராவும் நடத்தினார். தூதர்கள் இலவசமாகப் பார்த்தார்கள். பிறகு இத்தாலியம் வேண்டாம் ஜெர்மன் போதும் என்றார்; பிறகு ஜெர்மன் வேண்டாம் இத்தாலியமே வரட்டும் என்றார்; 1786-இல் ஓபராவே வேண்டாம் என்றார். மாதச் சம்பளத்துக்கு இருந்த பாடகர்கள் இத்தாலியத்துக்கும் ஜெர்மனுக்கும் இடையில் என்ன பாடு பட்டிருப்பார்கள்!

இந்த இசைச் சாம்ராச்சியத்தை நடத்தியவர் தியோடர் ஃபான் ஷாக்ட். 1748-இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் பிறந்தவர். இவரும் ஒரு பிரபுதான். ஸ்டுட்கார்ட்டில் ஜொமெல்லியிடம் படித்து வந்து, சிம்பொனி, கிளாரினெட் கொன்செர்ட்டோ, ஓபரா, தேவாலயப் பூசைப் பாட்டு என்று எழுதித் தள்ளினார். 'இசையமைத்த ஜெர்மன் தபால் பிரபு' என்று கதை சொல்கிறவர்கள் உண்மையில் இரண்டு பேரை ஒரே கோட்டுக்குள் திணிக்கிறார்கள். சல்லி கார்ல் அன்செல்முடையது, சுரம் ஷாக்டுடையது. ஒரே உடம்பில் இரண்டும் வேண்டுமென்றால் அரண்மனையின் பெண்பிள்ளையைத்தான் தேட வேண்டும். கார்ல் அன்செல்முக்குத் தகப்பன்வழித் தங்கை மரியா தெரேசியா, 1755-இல் பிறந்தவள். டென்மார்க்கின் ஆலெஃபெல்ட் பிரபுவைக் கட்டிக்கொண்டு போனாள். 1792-இல் கோபன்ஹேகன் அரச அரங்கில் தெலெமாக்கஸ் கதையை ஆடினார்களே, அந்த பாலேக்கு இசை இவளுடையது. டென்மார்க்கில் பெயர் தெரிந்த முதல் பெண் இசையமைப்பாளர் என்று இன்றைக்கும் இவளைச் சொல்கிறார்கள். அரங்கின் தலைவர் புருசன் என்பதால் வாய்ப்பு லேசாகக் கிடைத்திருக்கும் என்று வாய் உள்ளவர்கள் சொல்லலாம். தலைவரின் பெண்சாதி எழுதினாள் என்பதற்காக ஆடுகிறவர்களின் கால் தாளத்தில் விழுந்துவிடாது. தபால் நிர்வாகம்? அது அண்ணனோடு. தங்கைக்குச் சுரம் மட்டும்தான் சீதனம்.

இதே இரட்டை வேலைக்கு மன்னார் வளைகுடாவின் அக்கரையிலும் ஒருவர் உண்டு: திருவிதாங்கூர் மகாராசா சுவாதித் திருநாள். 1829 முதல் 1846 வரை ஆட்சி. திருவிதாங்கூரின் அஞ்சல் அவருடைய அரசாங்கத்தின் ஒரு பகுதி. பிற்காலத்து அஞ்சலோட்டக்காரனின் கையிலும் அதே மணி கட்டிய கோல்தான். மகாராசா மணியைக் கேட்டாரோ என்னவோ, கீர்த்தனை, வர்ணம், பதம், தில்லானா என்று பல மொழிகளில் பாடி வைத்தார். தஞ்சாவூர் நால்வரில் ஒருவரான வடிவேலுவின் பிடில் வாசிப்பில் மயங்கித் தந்தத்தால் ஒரு பிடிலே செய்து கொடுத்தார். 1980களில் வீணை எஸ். பாலசந்தர் கிளம்பி, இந்த மகாராசா இசையமைப்பாளரே அல்ல என்று ஒரு பெரும் சண்டையைக் கிளப்பினார். பத்திரிகைகள் பற்றி எரிந்தன. டாக்சிஸ் குடும்பத்துக்கு இந்த வம்பு வரவில்லை. பாட்டன் போலி என்று சொன்னால்கூடக் கவலைப்படாதவர்கள், பாட்டு போலி என்றால் கவலைப்படுவார்களா!

சங்கீதத்தைத் தாங்கிய சல்லியில் ஒரு பகுதி கொஞ்சம் அழுக்கு. டாக்சிஸ் தபாலில் போகிற கடிதங்களில் வேண்டியவற்றை அரக்கு உடையாமல் திறந்து, பிரதி எடுத்து, மறுபடி ஒட்டி, நேரம் தவறாமல் அனுப்பிவைக்கும் இரகசிய அறைகள் இருந்தன. பிரதி வியன்னாவுக்குப் போகும். தூதர் காலையில் தன் ராசாவுக்கு எழுதுவார்: 'இந்தத் தபால்காரனை நம்பாதீர்கள்.' மாலையில் அதே தபால்காரனின் ஓபராவுக்குப் போய்க் கைதட்டுவார். தபால்காரரும் புன்சிரிப்போடு வரவேற்பார். வியன்னாவுக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியாமலா போகும்?

ஊருக்கெல்லாம் கடிதம் கொண்டுபோனவருக்கு வீட்டுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. கார்ல் அன்செல்மின் மனைவி ஆகுஸ்தே, வூர்ட்டம்பெர்க் பிரபு கார்ல் ஒய்கனின் தங்கை. புருசனைக் கொல்லப் பார்த்தாள், அதுவும் ஒருமுறையல்ல என்பது குற்றச்சாட்டு. 1776-இல் பிரிவு. அவளை அண்ணனின் நாட்டுக்கே கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள். 1787-இல் காவலிலேயே மௌத்தானாள். அவள் பக்கத்துக் கதையைக் கேட்டு எழுதி வைத்தவர் யாருமில்லை. எழுதியிருந்தாலும் அந்தக் கடிதம் புருசனின் தபாலில்தானே போயிருக்க வேண்டும்.

மச்சான் கார்ல் ஒய்கனின் தொழில் இன்னும் மோசம். மாப்பிள்ளை கடிதம் அனுப்பிக் காசு பார்த்தார்; மச்சான் ஆட்களை அனுப்பிக் காசு பார்த்தார். ஒல்லாந்துக் கம்பெனிக்கு ஒரு படைப்பிரிவையே விற்றார். 1787-இல் சுமார் 2000 பேர் நன்னம்பிக்கை முனைக்குப் புறப்பட்டார்கள். அங்கிருந்து ஜாவாவுக்கும் நமது தீவுக்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள். ஊர் திரும்பினவர்கள் கொஞ்சப் பேர்தான். அவர்கள் புறப்பட்டபோது வழியனுப்புப் பாட்டு எழுதியவர் ஷூபார்ட். அவரே கவிஞர், அவரே இசைக்காரர். பிரபுவைக் கிண்டல் அடித்த பாவத்துக்கு விசாரணை இல்லாமல் பத்து வருடம் பிரபுவின் கோட்டைச் சிறையில் கிடந்தார். சிறைக்குள் இருந்துகொண்டே அந்தப் பாட்டை எழுதினார், தேசமே பாடியது. ஜெர்மனியின் தபால் சல்லியில் பிறந்த சிம்பொனிகள் நூலகத்தில் தூங்க, விற்கப்பட்ட சிப்பாய்களின் பாட்டு ஓசியில் ஊர் ஊராகப் போயிற்று.

ஆட்களைப் பார்சல் கட்டி அனுப்பும் வியாபாரம் எப்படி முடியும் என்று புத்தளத்தாருக்கு விளக்கம் தேவையில்லை. அனுராதபுரம் ரோட்டில் சிரம்பையடி இருக்கிறது. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, வெள்ளைக்காரனின் இலங்கைப் படையில் துவக்குத் தூக்கி, படை கலைந்ததும் இங்கேயே தங்கிவிட்ட சிப்பாய்களின் வாரிசுகள் அங்கே குடியிருக்கிறார்கள். அவர்களுடைய மஞ்சா பாட்டுக்குப் பிரபு இல்லை, சம்பளப் பட்டியல் இல்லை. ரபான், மேளம், மண்டலின் இருந்தால் நல்லது; இல்லாவிட்டால் போத்தலைக் காசால் தட்டினாலும் போதும், இரண்டு சிரட்டையை மோதினாலும் போதும். போர்த்துக்கீச மொழியின் ஒரு கிளைப்பேச்சில் நாலு வரி. அதே நாலு வரியைத் திரும்பத் திரும்பப் பாடப் பாட வேகம் ஏறும். வேகம் ஏற ஏற, சும்மா பார்க்க வந்தவனின் இடுப்பும் அவன் பேச்சைக் கேட்காது. கார்ல் அன்செல்ம் ஓபராவுக்குக் கொட்டிய காசுக்கு இப்படி ஒரு இரவு கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

மீதிக் கதை வேகமானது. 1806-இல் நெப்போலியன் ஊதிய ஊதலில் சாம்ராச்சியமே விழுந்தது. சக்கரவர்த்தியே இல்லாதபோது அவருடைய பிரதிநிதிக்கு எதற்கு விருந்து, விருந்தில்லாதபோது எதற்கு வாத்தியக் குழு? கலைத்துவிட்டார்கள். பவேரியாக்காரன் தபாலைப் பிடுங்கிக்கொண்டு, 1812-இல் அதற்கு ஈடாகப் புனித எம்மெராம் மடத்தின் கட்டடங்களைக் கொடுத்தான். துறவிகள் முழங்காலிட்ட இடத்தில் தபால்காரரின் அரண்மனை. மற்ற ஜெர்மன் மாநிலங்களில் தபால் இன்னும் ஓடியது. 1852-இலிருந்து சொந்த முத்திரைகூட அடித்தார்கள், வடக்குக்கு ஒரு நாணயத்தில், தெற்குக்கு இன்னொரு நாணயத்தில். 1866-இல் பிரஷ்யப் படை பிராங்க்ஃபர்ட் தலைமைக் கந்தோருக்குள் நுழைந்தது. மறுவருடம் ஜூலை 1ஆம் தேதி, 30 இலட்சம் தாலருக்குத் தபால் கைமாறியது. துவக்கை நீட்டிக்கொண்டு பேரம் பேசியவனிடமும் காசு வாங்கியவர்கள் அவர்கள்.

குடும்பம் சோர்ந்துபோகவில்லை. காடு, நிலம், பியர் தவறணை என்று இறங்கினார்கள். ரேகன்ஸ்பூர்க்கில் அவர்கள் பெயரில் பியர் காய்ச்சி விற்றார்கள். இப்போது கோடையில் அந்த அரண்மனை முற்றத்தில் இசைவிழா நடக்கிறது. ஓபராவும் உண்டு, பொப் பாட்டும் உண்டு. கார்ல் அன்செல்ம் காலத்தில் தூதர்கள் ஓசியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்ட சங்கீதத்துக்கு இன்றைக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். டிக்கெட் மின்னஞ்சலில் வருகிறது.